ஓட்டுநரிடம் பேசாதீர்கள்

மலையைக் கண்டால் நான் திரும்பிவிடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திரும்பிய பிறகுதான் சொல்லியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

மலை என்றால் நிஜ மலை இல்லை. தூத்துக்குடிக்காரன் மலைக்கு எங்கே போவான்? எங்கள் ஊரில் உயரமான பொருள் என்று பார்த்தால் உப்புக் குவியலும் புகைபோக்கியும்தான். என் மலை கம்ப்யூட்டருக்குள் இருந்தது. 'மேகவழி' என்று ஒரு விமான விளையாட்டு. உலகத்து மலை, மேகம், காற்று எல்லாவற்றையும் அந்தந்த நிமிஷத்து நிலவரப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். இமயமலையில் இப்போது மழை என்றால் என் மேஜையிலும் மழை.

அதற்காக நான் கட்டிய காக்பிட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஸ்டீயரிங், ஒரு மினி லாரியுடையது. வேகம் கூட்டக் குறைக்க பழைய சீலிங் ஃபேன் ரெகுலேட்டர். ஐந்தில் வைத்தால் புறப்பாடு, இரண்டில் வைத்தால் இறக்கம், நடுவில் நாலும் மூன்றும் உண்டு, அவற்றுக்கு இடையே நுணுக்கம் எதுவும் கிடையாது. காலுக்கு, அம்மாவின் தையல் மிஷின் பெடலை இரண்டாக அறுத்து வைத்திருந்தேன். இதில் இடது பாதி ஒட்டிக்கொள்ளும். வலதை லேசாக ஒரு தட்டு தட்டினால்தான் இடது விடுபடும். ஆகவே என் விமானம் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் வலப்பக்கம் ஒருமுறை இடுப்பை ஆட்டும். இருக்கை, பழைய இரும்புக் கடையில் கிடைத்த பஸ் டிரைவர் சீட். அதோடு 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற தகரப் பலகையையும் கடைக்காரர் சும்மா கொடுத்தார். மானிட்டருக்கு மேலே மாட்டினேன். அந்த அறிவிப்பை மீற அறையில் வேறு ஆள் இல்லை.

அறை, ஒரு ஐஸ் ஃபேக்டரியின் மாடி. கீழே மீனுக்கான ஐஸ் உறையும்போது கம்ப்ரசர் ஓடும், தரை அதிரும். லட்சக்கணக்கில் செலவழித்து இந்த அதிர்வை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாடகையோடு சேர்த்தி. அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில் அண்ணனோடு. என்னோடு படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் விமானப் பொறியியல் படித்து, விமான இயக்கவியல் என்ற ஒரே பாடத்தில் அரியர் வைத்து, ஊரிலேயே தங்கிவிட்டேன். பெயர் பிரிட்டோ. வகுப்பில் பெயர் ரிவர்ஸ். அந்தப் பெயரை வைத்தவன் கஸ்பார், என் நெருங்கிய நண்பன். நெருங்கியவர்கள்தான் இப்படி வைப்பார்கள்.

விளையாட்டு இலவசம். நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை தபாலில் வந்தது, அதுவும் இலவசம். நாடி, வியர்வை, கண் எங்கே பார்க்கிறது என்பதையெல்லாம் அது கவனிக்குமாம். பயந்தால் சிவப்பு விளக்கு, நிதானமாக இருந்தால் பச்சை. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்த' என்று பத்துப் பக்கம் எழுதி, கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். பத்துப் பக்கத்தையும் படித்தவன் யாராவது இருந்தால் காட்டுங்கள், கை கொடுக்க வேண்டும்.

உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் பறக்கிறார்கள் என்று விளம்பரம் சொன்னது. என் வானத்தில் ஒருவரும் இல்லை. பெங்களூருக்குப் போன கஸ்பாரும் ஒருநாள் உள்ளே வந்து தேடினான்.

"ஏலே, எங்கன நிக்க?"

"சிமார் ரன்வேல. வெள்ளையும் நீலமும் அடிச்ச பிளேன்."

"நானும் அங்கனதாம்ல நிக்கேன். பஸ் ஸ்டாண்டு மாதிரி கூட்டமா கெடக்கு. உன்னையத்தான் காணோம்."

"இங்க ஒரு காக்கா கூட இல்லியே."

"உன் நெட்டு சரியில்லல. இல்லைன்னா உன் ராசி சரியில்ல" என்றான். இரண்டுமே நம்பும்படி இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

சிமார், இமயமலை அடிவாரத்து விமானத் திடல். அங்கிருந்து கிளம்பி, ஒரு பள்ளத்தாக்கில் நுழைந்து, கணவாயைத் தாண்டினால் தும்லே. மேட்டில் ஏறும் குட்டி ரன்வே. அங்கே ஒருமுறை இறங்கிவிட வேண்டும் என்பதுதான் என் லட்சியம். அரியர் எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

மலையில் பறக்க ஒரு முறை உண்டு. பள்ளத்தாக்கின் நடுவே போகக்கூடாது, வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போகவேண்டும். அப்போதுதான் திரும்ப நேர்ந்தால் இடப்பக்கம் முழு அகலமும் மிச்சமிருக்கும். நம் ஊர் ரோட்டுப் பழக்கத்தில் முதல் சில வாரங்கள் நான் இடப்பக்கமாகவே ஓரங்கட்டிப் போனேன், மலையில் பஸ் ஸ்டாப் தேடுகிறவன் மாதிரி. அடுத்த முறை இன்னும் முக்கியம். எந்த இடத்தில் திரும்புவது என்பதை உள்ளே நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளே போய் முடிவு செய்கிறவன், முடிவு செய்வதற்குள் முடிந்துவிடுவான். நான் தேர்ந்தெடுத்த இடம் ஓர் அருவி. அதைத் தாண்டினால் சுவர்கள் நெருங்கும், மேகம் இறங்கும். அருவி தெரிந்ததும் உள்ளங்கை வேர்க்கும், பட்டை சிவக்கும். ரெகுலேட்டர் நாலிலிருந்து மூன்று. வலது பெடலில் ஒரு தட்டு, இடது பெடல், திரும்பி வீட்டுக்கு. இரண்டு வருஷமாக இதே கதை.

விளையாட்டுதானே, மோதினால் என்ன, மறுபடி ஆரம்பிக்கலாமே என்று கஸ்பார் கேட்பான். எனக்கும் தெரியும். என் உள்ளங்கைக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம், அருவி தெரிந்து நான் ரெகுலேட்டரில் கை வைத்த நேரம், காதுக்குள் ஒரு பெண் குரல்.

"இன்னும் கொஞ்சம் ரைட்டுல ஒட்டிப் போங்க. அம்புட்டு பயமா?"

சீட் பெல்ட் போட்டிருந்ததால் கீழே விழவில்லை. "யாரு?"

"பின்னால பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். இரண்டு வருஷத்தில் என் வானத்துக்கு வந்த முதல் ஆள்.

"ஓட்டுநரிடம் பேசாதீர்கள்னு போர்டு மாட்டியிருக்கேன்" என்றேன். பெண்களிடம் பேசி ரொம்ப நாளானால் வாயில் இந்த மாதிரிதான் வரும்.

"அப்ப நான் கண்டக்டர்" என்றாள். "போலாம், ரைட்!"

அன்றைக்கும் நான் திரும்பிவிட்டேன். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அவள் முன்னால் போக, அந்த மஞ்சள் வாலையே பார்த்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அருவி கடந்தது. சுவர்கள் நெருங்கின. மேகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. கணவாயின் உச்சியில் ஒரு நொடி ஒன்றுமே தெரியவில்லை. "இருக்கேன், இருக்கேன்" என்றது குரல். அப்புறம் வெயில். கீழே, சோப்பு வைக்கிற டப்பா மாதிரி தும்லே ரன்வே.

இறங்கி நின்றோம். அவள் பக்கம் எதையோ மொறுமொறுவென்று மெல்லுகிற சத்தம்.

"மிக்சரா?"

"காராச்சேவு. பேரு என்னன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன்."

"இசக்கியம்மாள். ஆபீஸ்ல ஐசக்னு கூப்பிடுவாங்க. வீட்லருந்து வேலைங்கிறதால மேனேஜர் ரொம்ப நாளு என்னைய ஆம்பளைன்னே நெனச்சிருந்தாரு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கட்டுமான்னு கேட்டப்பதான் சொன்னேன்."

ஊர் அம்பாசமுத்திரம். ஜன்னலைத் திறந்தால் மலையாம்.

"நிஜ மலையா?"

"கல்லு, மண்ணு, குரங்கு எல்லாம் போட்டது."

மூன்று வாரம் தினமும் தும்லே போனோம். எனக்கு நெஞ்சு படபடப்பதே நின்றுபோயிற்று. ஒருநாள் அவள் வரவில்லை. தனியாகவே கணவாயைத் தாண்டிப் போய் இறங்கினேன், பட்டையில் விளக்கு பச்சை. அன்றைக்கு ஐஸ் ஃபேக்டரியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று கேட்டார்கள். அரியர் முடித்துவிட்டேன் என்றேன். அது ஒன்றுதான் அவர்களுக்குப் புரிகிற காரணம்.

மறுநாள், என்ஜினைக் கிளப்பும் முன் இசக்கி சொன்னாள். "இன்னிக்குப் பறக்க வேண்டாம். ரெண்டு வீடியோ அனுப்புதேன், பாருங்க."

முதல் வீடியோவை யாரோ பயணி செல்போனில் எடுத்திருந்தார். நிஜமான தும்லேக்குப் போகும் நிஜமான விமானம், ஒன்பது சீட், ஓட்டுவதற்கு ஆள் கிடையாது. போன வருஷம் விட்ட தானியங்கி விமானங்களில் ஒன்று. ஜன்னலில் அருவி தெரிகிறது. மேகம் தெரிகிறது. விமானம் வேகம் குறைகிறது. வலப்பக்கம் லேசாக இடுப்பை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, இடப்பக்கம் சாய்ந்து திரும்புகிறது.

இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அம்மாவின் தையல் மிஷின் இமயமலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

"இது என் ஆட்டமில்லா?"

"ஆமா. ஏன் ஆட்டுதுன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. காத்துக்கு ஏத்த ஏதோ நுணுக்கம்னு ஒருத்தர் கட்டுரையே எழுதிட்டாரு."

"எங்க ஆபீஸ்லன்னா?"

"மேகவழிலதான் வேலை பாக்கேன்."

கீழே கம்ப்ரசர் ஓடியது. அவளே தொடர்ந்தாள்.

"கேம்ல நீங்கள்லாம் ஓட்டுறதப் பாத்துத்தான் அந்த விமானம் கத்துக்குது. ஓட்டக் கத்துக்கொடுத்தாச்சு. திரும்பத்தான் தெரியல. மேகம் இம்புட்டு இருந்தாத் திரும்புன்னு விதி எழுதிப் பாத்தாங்க. ஒண்ணு, தினமும் திரும்பிச்சு. இல்லைன்னா, போய் முட்டிச்சு. எங்க திரும்பணும்னு பயப்படுற மனுஷனுக்குத்தான் தெரியும்னு புரிஞ்சுது. ஆனா கேம்ல ஒருத்தருக்கும் பயம் வரல. செத்தா மறுபடி வரலாம்லா? உண்மையாவே பயந்தது விரல் விட்டு எண்ணுற ஆளுங்கதான். தும்லே வழியில நீங்க ஒருத்தர்தான்."

"அப்படின்னா நான் பெரிய ஆளு."

"விளையாடாதீங்க." குரல் தாழ்ந்தது. "உங்க வானத்துல ஏன் ஆளே இல்லன்னு நெனைக்கீங்க?"

"நெட்டு சரியில்லன்னு."

"பக்கத்துல இன்னொரு விமானம் தெரிஞ்சா பயம் பாதியாக் கொறையுது. அதனால, பயப்படுறவங்களைத் தனியா வைக்க ஒரு அளவுகோல் இருக்கு. ஸ்கிரீன்ல ஒரு கோடு, அதுல ஒரு புள்ளி. தள்ளினா வானம் காலியாயிரும். உங்க புள்ளியக் கடைசி வரைக்கும் தள்ளினது நான்தான். ரெண்டு வருஷமா நீங்க தனியா வந்து தனியாத் திரும்புறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அருவிகிட்டத் திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் 'சரி, நாளைக்குப் பாப்போம்'னு சொல்லுவீங்க, யார்கிட்டயோ சொல்லுற மாதிரி. ஒருநாள் தாங்கல. வந்துட்டேன்."

அப்படி நான் சொல்வேன் என்பதே எனக்குத் தெரியாது.

"ரெண்டாவது வீடியோ?" என்றேன்.

"அது போன வாரம்."

அதே விமானம். அதே அருவி. முதல் வீடியோவில் பார்த்ததைவிடப் பெரிய, கறுத்த மேகம். விமானம் வேகம் குறையவில்லை, ஆடவில்லை, நேராக உள்ளே போனது. ஜன்னல் வெள்ளையானது. ஒரு குழந்தை அழுதது. யாரோ சாமி பெயரை உரக்கச் சொன்னார்கள். அப்புறம் வெயில், ரன்வே, கைதட்டல்.

"என் வழியில போகுது" என்றேன். "உங்க பின்னால நான் போன வழி."

"ஆமா. முன்னால யாரோ போற மாதிரி போகுது. முன்னால யாரும் இல்ல. மலைச்சுவர்லருந்து எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு கணக்குப் பாத்தேன். சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தூக்கம் வராது. மேனேஜர்கிட்டச் சொன்னேன். 'தைரியம் வந்திருக்கு, நல்லதுதானே, பயணிங்க எல்லாம் கைதட்டுறாங்களே'ன்னாரு. அடுத்த வாரம் மழைக்காலம் ஆரம்பிக்குது."

"சரி, நான் விளையாடறத விட்டுடறேன்."

"விட்டா பயமில்லாதவங்க பதிவு மட்டும்தான் மிஞ்சும். இந்த மூணு வாரத்துப் பதிவ, பட்டை ரிப்பேர்னு சொல்லி என்னால அழிச்சிர முடியும். ஆனா மழைக்குப் புதுசா பயம் வேணும்." காராச்சேவு மெல்லுகிற சத்தம் நின்றது. "முன்னாடி உங்ககிட்டக் கேக்காமத் தள்ளினோம். இப்ப கேக்குதேன். புள்ளியப் பழைய இடத்துக்குத் தள்ளவா?"

"நீங்க வரமாட்டீங்க."

"வரக்கூடாது."

"போன்ல?"

"அதையும் யோசிச்சுப் பாத்தேன். நான் வராத அன்னிக்கும் நீங்க பச்சையாத்தான் தும்லே போனீங்க. பட்டை சொல்லிச்சு. நான் பேசினா, மறுநாளும் உங்க நெஞ்சு நிதானமாயிருது."

ஒரு பெண் என்னிடம் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான். சொன்ன நேரம்தான் சரியில்லை.

"மழைக்காலம் முடிஞ்சதும்?"

"அப்புறம் பனி. பனி முடிஞ்சா காத்து."

மலைக்கு எப்போதும் ஏதாவதொரு சீசன் இருந்துகொண்டேதான் இருக்கும் போல. நான் மானிட்டருக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தேன். அதை மாட்டியவன் நான்தான்.

"தள்ளுங்க" என்றேன்.

"பிரிட்டோ..."

"ஓட்டுநரிடம் பேசாதீர்கள்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் காராச்சேவுப் பொட்டலத்தை மடிக்கிற சத்தம். ரன்வேயில் எனக்குப் பக்கத்தில் நின்ற மஞ்சள் விமானம், வெயிலில் சாயம் போவது போல மெல்ல வெளுத்து, இல்லாமல் போனது.

தெரிந்தே பயப்பட முடியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் என் உயிருக்குப் பயந்தேன், அதுவும் விளையாட்டு உயிருக்கு. இப்போது அருவி தெரிந்ததுமே முதுகுக்குப் பின்னால் ஒன்பது சீட் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் குழந்தையும். பட்டை திருவிழா சீரியல் லைட் மாதிரி ஜொலித்தது, சிவப்பில்.

இடது பெடலுக்கு எண்ணெய் விட்டால் ஒட்டாது. விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தப்பு செய்யப் பார்த்தேன். பஸ் ஏறித் திருநெல்வேலி வரை போனேன். புது பஸ் ஸ்டாண்டில் அம்பாசமுத்திரம் பஸ் நின்றது. ஜன்னலோரம் ஒரு சீட் காலி. கண்டக்டர் என்னைப் பார்த்து, "வாரீங்களா, எடுக்கப் போறோம்" என்றார். மேற்கே, கட்டடங்களுக்கு நடுவில், நீலமாக மலை தெரிந்தது. கல்லு, மண்ணு, குரங்கு எல்லாம் போட்டது. படியில் ஒரு கால் வைத்தேன்.

அப்புறம் திரும்பிவிட்டேன்.

மழைக்காலத்தின் நடுவில் கஸ்பாருக்குக் கல்யாணம். பெண் பெயர் ரெக்ஸி. தேனிலவுக்கு எங்கே போகிறான் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான பத்தாம் நாள் அவனே கூப்பிட்டான், கோபத்தில்.

"ஏலே, தும்லே தும்லேன்னு உயிர விட்டியே, உன் பேச்சக் கேட்டு அங்க ரூம் போட்டேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும். இப்ப சிமார்ல உக்காந்திருக்கேன். ஆளில்லாத பிளேனாம், அருவி வரைக்கும் போச்சுல. துண்டு மேகம். கைக்குட்டை சைஸ். திரும்பிட்டு!"

என் கை ரெகுலேட்டர் மேல் இருந்தது. "திரும்பிச்சா?"

"ஆமாங்கேன். அதுவும் எப்படி? வலது பக்கமா இடுப்ப ஒரு ஆட்டு ஆட்டிட்டு, அப்புறமா இடது பக்கம் சாயுது. ரெக்ஸி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா. 'என் கூட்டாளி ரிவர்ஸ்னு ஒருத்தன் இருக்கான், அவன் ஓட்டுற மாதிரியே இருக்கு'ன்னு சொன்னேன். அப்பதான் சிரிச்சா."

"பயந்தீங்களா ரெண்டு பேரும்?"

"நாங்க எதுக்குல பயப்படணும்? எரிச்சல்தான். எந்தப் பயந்தாங்கொள்ளி ஓட்டுறான்னு முன்னால போய் எட்டிப் பாத்தேன். ரெண்டு சீட்டும் காலியாக் கெடக்கு. ஒருத்தனும் இல்ல."

"ஆமா" என்றேன். "ஒருத்தனும் இல்ல."

"சரி வை, அடுத்த பிளேனுக்குக் கூப்பிடுறாங்க. அதுவும் திரும்பினா நான் நடந்தே போயிருவேன்."

அந்த மேகத்துக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வருகிறவர்களுக்கு அது கடைசிவரை தெரிவதே இல்லை. அதனால்தான் திட்டுகிறார்கள்.

பட்டையைக் கட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தேன். தரை அதிர்ந்தது. என் சிமாரிலும் அதே மழை. நான்கு பக்கமும் பார்த்தேன், ஒரு காக்கா கூட இல்லை. அம்பாசமுத்திரத்தில் ஜன்னலோரம் ஒருத்தி, ஒரு புள்ளியை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டு, நான் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால் விளக்கு பச்சையாகிவிடுகிறது. ஆகவே பறக்கும்போது நினைப்பதில்லை.

பச்சை சிவப்பாகும் வரை காத்திருந்தேன். அப்புறம் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தேன்.